குளிரில் எரியாத அடுப்பு

பலேர்மோவில் நான் வேலை கேட்டுப் போன வீடுகளில், உடுப்பு மினுக்கத் தெரியுமா, நாய்க்குப் பயமா, ஓகஸ்டில் மொண்டெல்லோ கடற்கரை வீட்டுக்கும் வர முடியுமா என்றுதான் கேட்பார்கள். அல்பெர்கேரியாவில், பல்லாரோ சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்த அந்தக் கிழவர் மட்டும் வேறு கேள்வி கேட்டார். அவர் பேசியது இத்தாலியம். எனக்கு இப்போது நினைவில் நிற்பது எங்கள் தமிழில்தான். அப்படியே எழுதுகிறேன்.

"உங்கடை ஊரிலை என்ன வேலை செய்தனீங்கள், சின்யோரா?"

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பதினொரு வருஷம் உதவியாளராக இருந்தேன் என்றேன். அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அசிட்டுக்குள்ளை தண்ணி விடுறதோ, தண்ணிக்குள்ளை அசிட் விடுறதோ?"

"தண்ணிக்குள்ளை அசிட். மாறி விட்டால் முகம் போயிடும்."

பக்கத்தில் நின்ற மகள், பல் வைத்தியர், பொறுமையில்லாமல் சொன்னார்: "பப்பா, சமைக்கத் தெரியுமா எண்டு கேளுங்கோ."

"இது தெரிஞ்சவவுக்கு அது தெரியாமல் இருக்குமே?" என்றார் அவர். அன்றைக்கே வேலை கிடைத்தது. அவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது, எனக்கு முப்பத்தொன்பது. மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். பட்டம் பெற்றவர்களை அங்கே அழைப்பது போல, நான் அவரைத் தொத்தோரே என்று கூப்பிட்டேன். அவர் கடைசி வரைக்கும் என்னை மரியாதையாகச் சின்யோரா என்றே அழைத்தார். வேலைக்காரியை அப்படி அழைக்கும் வழக்கம் அந்தக் கட்டடத்தில் வேறு எவருக்கும் இருக்கவில்லை.

காலை எட்டு மணிக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்புவேன். கீழே சந்தையில் மீன்காரர் கத்தும் சத்தம் குசினி வரைக்கும் கேட்கும். நாங்கள் குசினி என்று சொல்வது அவர்களுடைய குச்சீனாவுக்கு இவ்வளவு கிட்ட இருப்பதை அறிந்த நாளில் அவர் குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டார். போர்த்துக்கேயர் கொண்டு வந்தது என்று நான் சொன்னதைக் கேட்டு, "அப்ப அந்தக் கப்பலிலை அடுப்பும் வந்திருக்கும்" என்றார்.

அடுப்பு அவருடைய வாழ்க்கை. பின்புற பால்கனியில் ஒரு காஸ் சிலிண்டர் நிற்கும். அதிலிருந்து ரப்பர் குழாய் சுவருக்குள்ளால் வந்து அடுப்பில் சேரும். மாதத்துக்கொரு தரம் சிலிண்டர்காரர் அதைத் தோளில் சுமந்துகொண்டு மூன்று மாடியும் ஏறுவார். அவர் முன்னால் தொத்தோரே தொப்பியைக் கழற்றுவார். சிலிண்டர்காரருக்கு ஏன் என்று தெரியாது. எனக்கும் முதலில் தெரியாது.

நான் கூனைப்பூவின் முள்ளிதழ்களை நறுக்கிக்கொண்டிருக்கும்போது அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சின்ன வயதில் அவருடைய தாய் கரியடுப்பில்தான் சமைத்தவர். மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைக்க, இரண்டு தரம் அந்தப் புகையில் மயங்கி விழுந்திருக்கிறார். "அம்மாவைப் படிக்கட்டிலை இருத்தி நான் தொப்பியாலை விசிறினது இண்டைக்கும் ஞாபகம்" என்றார். பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்தார். போர் முடிந்தபின், தீவின் கிழக்குக் கரையில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே உயரமான குழாய் ஒன்றின் உச்சியில் இரவு பகலாகத் தீ எரிந்துகொண்டிருந்ததாம். வேண்டாத காஸ் என்று எரித்துத் தள்ளினார்கள்.

"அதைப் பாத்தால் எனக்குப் பசிக்கும், சின்யோரா. ஆயிரம் வீட்டுச் சாப்பாடு மேலை எரிஞ்சு போகுது எண்டு நினைப்பன்."

அந்தக் காஸைப் பிரித்து, அழுத்தித் திரவமாக்கி, சிலிண்டரில் அடைத்து வீடுகளுக்குக் கொடுக்கும் வேலையைத் தங்கள் பகுதியில் தொடங்கிவைத்த மூன்று பேரில் அவரும் ஒருவர். கரையோர ஊர்களில் எல்லாம் நன்றாக நடந்தது. மலையூர்களில் முதல் குளிர்காலத்திலேயே முறைப்பாடு வந்தது: சிலிண்டர் நிறைந்திருக்கிறது, அடுப்பு எரியவில்லை.

அவர் லொறியில் ஏறிப் போய்ப் பார்த்திருக்கிறார். ஒரு வீட்டில் புதுப்பெண் ஒருத்தி, சிலிண்டருக்குக் கம்பளி போர்த்து, குளிர்காய வைப்பது போல அதைத் தணல் சட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாளாம். இதைச் சொல்லும்போதே அவர் எழும்பி நின்றுவிட்டார். "நான் போட்ட சத்தத்திலை ஊரே கூடினது. சட்டியைத் தூக்கி வெளியிலை பனிக்குள்ளை எறிஞ்சன்."

காரணம் எனக்கே தெரிந்ததுதான். அவர்கள் நிரப்பியது பெரும்பாலும் பியூட்டேன். அது குளிருக்குச் சோம்பேறி. தண்ணீர் உறைகிற குளிரில் ஆவியாகாமல் திரவமாகவே சிலிண்டரின் அடியில் கிடக்கும். புரோப்பேன் எந்தக் குளிரிலும் எழும்பி வரும். ஆனால் அதற்கு அழுத்தம் கூட, சிலிண்டர் தடிப்பாக இருக்க வேண்டும், செலவு அதிகம். மலையூர்க்காரர் கொஞ்சப் பேர்தானே, அவர்கள் விறகு எரிக்கட்டும் என்றார்கள் மேலே இருந்தவர்கள். இவர் இரண்டு குளிர்காலம் அவர்களோடு மல்லுக்கட்டி, மலைக்கென்று வேறு கலவையும் வேறு சிலிண்டரும் செய்வித்தார். புத்தகங்களில் அவருடைய பெயர் கிடையாது. அதைப்பற்றி அவருக்குக் கவலையும் கிடையாது.

நான் ஊரைவிட்டு வந்தபோது யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு தட்டுப்பாடு, வேலிக்கு நட்ட கதியால் மரங்களையும் வெட்டி எரித்தோம் என்று நான் ஒருநாள் சொன்னேன். அவர் அன்று முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தார். என்ன மரம், எவ்வளவு நேரம் நின்று எரியும், கண் எரியுமா என்று.

மூன்றாம் வருஷம், ஒக்டோபர் மாதம், ஒரு காலை. சாவியைப் போட்டுக் கதவைத் திறந்ததும் காஸ் மணம் முகத்தில் அடித்தது. அழுகின வெங்காயம் மாதிரி, தொண்டையைப் பிடிக்கும் மணம். குசினிக்கு ஓடினேன். தொத்தோரே அடுப்புக்கு முன்னால் நின்றார். கோப்பிப் பானை பொங்கி வழிந்து நெருப்பை அணைத்திருந்தது. காஸ் சீறிக்கொண்டிருந்தது. அவர் கையில் தீப்பெட்டி. ஒரு குச்சியை எடுத்து உரசப் போகிறார்.

"பத்த வைக்காதேங்கோ! வேண்டாம்!" என்று தமிழில் கத்தினேன்.

அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் கை நின்றது. நான் தீப்பெட்டியைப் பறித்து என் கோட்டுக்குள் போட்டேன். அடுப்பை மூடி, பால்கனிக்கு ஓடிச் சிலிண்டரையும் பூட்டி, கதவை அகலத் திறந்தேன். அப்போது அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முகம் வெளிறிப் போனாலும் குரல் ஆய்வுகூடத்துக் குரலாக மாறியது.

"லைற்றைத் தொடாதேங்கோ. காத்தைவிடப் பாரமானது, கீழைதான் கிடக்கும். தும்புத்தடியை எடுங்கோ."

நான் ஒரு தும்புத்தடியும் அவர் ஒரு தும்புத்தடியுமாக, கண்ணுக்குத் தெரியாத காஸைக் குசினித் தரையிலிருந்து பால்கனிக்குக் கூட்டித் தள்ளினோம். எதிர்வீட்டுக்காரி துணி காயப்போட்டபடி எங்களை ஒரு மாதிரிப் பார்த்தாள். தூசி எதுவும் இல்லாத தரையை இரண்டு பேர் வேர்க்க வேர்க்கக் கூட்டுகிறார்களே என்று நினைத்திருப்பாள். எனக்குப் பயத்திலும் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. பிறகு அவர் கதிரையில் இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"எனக்கு மணம் தெரியாது, சின்யோரா."

"எப்ப தொடக்கம்?"

"போன வருஷம் தடிமன் வந்து மூக்கு அடைச்சதே, அப்ப போனது. திரும்பி வரேல்லை."

ஒரு வருஷமாக என் கறியின் மணத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார்! அதைக் கேட்டபோது, "நிறத்தைப் பாத்துச் சொன்னனான்" என்றார் தலையைக் குனிந்தபடி. காஸுக்கு இயல்பாக மணமே இல்லை, மனிதர் மூக்கால் தப்ப வேண்டும் என்றுதான் அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர் அவர்.

மகளுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டார். சொன்னால் அடுப்பைத் தூக்கிவிடுவாள், பிறகு வீட்டையும் விற்கச் சொல்லுவாள் என்றார்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் வேலை செய்தார்.

"மகளிட்டைச் சொல்லும். இதிலை யோசிக்க என்ன இருக்கு?"

"அவருக்கு மரியாதை போயிடுமப்பா."

"கட்டடம் போனால் மரியாதை எங்கை நிக்கும்? ஆனால் அவரே சொல்லட்டும். உம்மடை வாயாலை வந்தால் அவர் உம்மை மன்னிக்க மாட்டார்."

அது சரியான யோசனையாகப் பட்டது. மறுநாள் தொத்தோரேயிடம் சொன்னேன்: "சனிக்கிழமை வரைக்கும் பாப்பன். நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன். இதுக்காக என்னை நிப்பாட்டினாலும் சரி."

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். நாட்டில் இருப்பதற்கான என் அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்க அவர் கையெழுத்து வேண்டும். இரண்டு நாள் அவர் நான் வைத்ததைச் சாப்பிட்டார், பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். வெள்ளிக்கிழமை நான் தரை துடைத்துக்கொண்டிருக்க, தொலைபேசியை எடுத்து மகளோடு பேசினார். ஒன்றையும் மறைக்கவில்லை. தீப்பெட்டியைப் பற்றியும் சொன்னார்.

மகள் அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டார். மின்சார அடுப்பு என்றார், தன்னோடு வந்து இருக்கச் சொன்னார், அழுதார். தொத்தோரே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னார். சிலிண்டரின் தலையில் பொருத்தும் ரெகுலேட்டரைத் தானே கழற்றி என்னிடம் தருவார். நான் காலையில் வந்து பொருத்துவேன், போகும்போது கழற்றி மேலே அலுமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோவேன். அவருடைய காலைக் கோப்பிக்கு ஒரு சின்ன மின்தட்டு.

"சின்யோரா சம்மதிச்சால்" என்று முடித்தார்.

மகள் என்னைப் பார்த்தார். "ஓம், நான் செய்வன்" என்றேன். அன்றைக்கே தொத்தோரே குறடும் கையுமாகப் பால்கனிக்குப் போனார். கையுறை போட்டு, நிதானமாக, ஒரு பழைய தொழிலாளி தன் வேலையைச் செய்வது போலக் கழற்றினார். மின்தட்டுக் கோப்பி வாயில் வைக்க முடியாது என்று பிறகு தினமும் குறை சொன்னார். ஆனால் ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் மகளுக்கு ஓர் எண்ணம் வந்தது. தகப்பன் இவ்வளவு காலம் கதைத்த அந்த மலையூருக்கு அவரை ஒருதரம் கூட்டிப் போக வேண்டும். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேரும் காரில் போனோம். நான் என் வாழ்நாளில் பனியைக் கிட்ட நின்று பார்த்தது அன்றுதான். வீடுகளின் வெளிச்சுவரோடு சிலிண்டர்கள் தலையில் பனித் தொப்பியோடு நின்றன.

கோயில் வாசலில் நின்ற ஒருவரிடம் மகள் விசாரித்தார். அந்தக் காலத்தில் காஸ் கொண்டு வந்த கெமிஸ்ட் என்று சொல்லச் சொல்ல அந்த மனிதர் தொத்தோரேயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். கதவைத் திறந்தது அறுபது வயது தாண்டிய, உருண்டையான ஒரு பெண். தொத்தோரேயை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கள்தானே என்ரை தணல் சட்டியைப் பனிக்குள்ளை எறிஞ்சனீங்கள்?"

தொத்தோரே தொப்பியைக் கழற்றினார். சிலிண்டருக்குக் கம்பளி போர்த்த புதுப்பெண் இவர்தான்.

"அது என்ரை சீதனச் சட்டி. ரெண்டாய் வெடிச்சுப் போச்சு. மாமி ஒரு மாதம் என்னோடை முகங்கொடுத்துக் கதைக்கேல்லை."

"நான் வேறை சட்டி வாங்கித் தாறன், சின்யோரா" என்றார் அவர் திக்கித் திக்கி.

"இனி எனக்கு எதுக்குச் சட்டி?" அந்தப் பெண் உள்ளே கையைக் காட்டினார். குசினியில் அடுப்பின் நாலு வாயிலும் நெருப்பு நீலமாக நின்று எரிந்தது. வெளியே குழாய்த் தண்ணீர் உறைந்து கிடந்தது. "ரெண்டு குளிர் கழிச்சுப் புதுச் சிலிண்டர் வந்தது. அண்டையிலிருந்து அடுப்பு ஒருநாளும் நிண்டதில்லை. மாமி சாகிற வரைக்கும் உங்களுக்காகப் பிரார்த்தனை செய்தவ. பேர் தெரியாது, அந்தக் கத்தின மனுசன் எண்டுதான் சொல்லுவா."

எங்களைப் போக விடவில்லை. அவரை விதையையும் பருப்பையும் காட்டுப் பெருஞ்சீரகத்தையும் போட்டு ஒரு சூப் வைத்தார். நான் எழும்பி வெங்காயம் அரியப் போனேன். இரண்டு பேரும் ஒரே அடுப்பில் நின்றோம். எங்கள் ஊரிலும் பெருஞ்சீரகம் விளையுமா என்று அவர் கேட்க, நான் சொல்ல, எங்கள் இத்தாலியம் இரண்டும் அரைகுறையாக இருந்தும் கதை முட்டவில்லை. அவருடையதில் பாதி சிசிலிய மொழி. தொத்தோரே இரண்டு கோப்பை சூப் குடித்தார். மணம் தெரியாத மனிதர், ஆவியில் முகத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

"சூடாயிருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் அவர் இருந்தார். கடைசி நாட்களிலும் அறிவு தெளிவாக இருந்தது. ஓர் ஏப்ரல் மாதப் பின்னேரம், ஜன்னலோரக் கதிரையில், சந்தைச் சத்தத்தைக் கேட்டபடி போனார். மகள் அந்த வீட்டை விற்கவில்லை. எங்களை வாடகைக்கு வந்து இருக்கச் சொன்னார். நாங்களும் எங்கள் மகளும் அந்தக் கோடையில் குடிபோனோம். முதல் நாள் என் கணவர் பால் காய்ச்சிப் பொங்கவிட்டார். எங்கள் மகள், "பப்பா, பியானோ, பியானோ, மெதுவா" என்று கத்தினாள். பால் அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்துவிட்டு மூன்று பேரும் பால்கனியில் இருந்து குடித்தோம். கீழே யாரோ தர்ப்பூசணி விற்றுக்கொண்டு போனார்.