மனச்சோர்வை அளக்கப் போன இடத்தில்

அடுத்தவர் மனச்சோர்வை அளக்கிற வேலைக்கு முதலில் வேண்டியது படிப்பு அல்ல, அறுந்து போகாத செருப்பு. கேள்வித்தாளும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் குதிகாலே சாட்சி சொல்லும். எண்பதுகளின் தொடக்கத்தில் வில்லியனூர், பாகூர் பக்கம் எனக்கு அந்த வேலை. முதுமையில் ஞாபகம் அழிந்துபோனவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களின் மனசு எந்த அளவுக்கு ஒடிந்திருக்கிறது என்று கேட்டுக் குறிக்க வேண்டும். கேள்விகள் வெளிநாட்டில் எழுதப்பட்டவை. நம் ஊருக்கும் அவை பொருந்துமா என்று பார்க்க, எங்கள் டாக்டரம்மா தமிழில் போட்டுக் கொடுத்திருந்தார்.

அத்தாவின் காது

வில்லியனூரில் மளிகைக்கடை வைத்திருந்த காதர் பாய், தன் அத்தாவைக் கடைக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார். பெரியவருக்கு மகனையே அடையாளம் தெரியாது. சாமான் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "இந்தக் கடைக்காரர் நல்ல மனுஷன்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

"அவரைப் பார்த்துக்கொள்வது உங்களுக்குச் சுமையாக இருக்கிறதா?" என்று நான் சத்தமாகப் படித்தேன். பாய் தராசை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பக்கத்துச் சந்துக்குக் கூட்டிப்போனார். அங்கே நின்று ஒவ்வொரு கேள்விக்கும் ஒளிக்காமல் பதில் சொன்னார். இரண்டு இடத்தில் கண் கலங்கினார். எல்லாம் முடிந்ததும் சொன்னார்: "அவருக்கு என்னைத் தெரியாதும்மா. ஆனா காது நல்லா கேக்கும்."

நம்பிக்கை

பாகூர் பக்கத்துச் செலியமேட்டு அஞ்சலைக்கு முப்பது வயதிருக்கும். புருஷன் முருகன் கரும்பு வெட்டப் போய்விடுவான். பகலெல்லாம் மாமனார் அவள் பொறுப்பு. சொந்த வீட்டுக்குள் நின்றுகொண்டே, "வூட்டுக்குப் போவணும்" என்று அவர் கிளம்பிவிடுவார். இவள் பின்னாலேயே ஓட வேண்டும்.

இந்த முறை நான் உஷாராக அவளைக் கிணற்றடிக்கு அழைத்துக்கொண்டுபோய்க் கேட்டேன். அப்படியும் எல்லாவற்றுக்கும் "இல்ல" என்றுதான் சொன்னாள். "எதிர்காலத்தில் நம்பிக்கை இழந்துவிட்டீர்களா?" என்றபோது மட்டும் கோபம் வந்துவிட்டது. "நம்பிக்கை இல்லாமலா வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறேன்? இன்னா டீச்சரம்மா இப்புடி கேட்டுட்டே!" நான் டீச்சர் இல்லை; தாள் வைத்திருக்கிற பெண்கள் எல்லாரும் அங்கே டீச்சர்தான்.

அவள் கணக்கில் பூஜ்யம் போட்டு டாக்டரம்மாவிடம் நீட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு, இந்தப் பொண்ணு ரொம்ப சந்தோஷமா இருக்கணும். இல்லேன்னா நம்ம தமிழ் ரொம்ப மோசமா இருக்கணும்."

தாளை மடித்த நாள்

அடுத்த வாரம் மறுபடி போனேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "சோறு எறங்குதா? தூக்கம் வருதா? நெஞ்சு பாரமா இருக்கா?" என்று கேட்டேன். அஞ்சலை குடத்தைக் கீழே வைத்தாள். சோறு இறங்கி மாதக்கணக்காகிறதாம். ஒருநாள் ஆத்திரத்தில் மாமனாரை அடித்துவிட்டு, அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். "ஏம்மா அழுவுறே?" என்று அவரே கேட்டாராம்.

"தண்ணி சேந்த வந்தா, கயித்த வுட்டுட்டு உள்ளயே பாத்துக்கினு நிக்கிறேன், டீச்சரம்மா" என்றாள்.

அவளை விட்டு ஓர் அடி நகரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பி முருகனை வயலிலிருந்து வரவழைத்தேன். அவள் சொன்னதை அவனிடம் சொன்னேன். அன்று மாலையே அவளை டாக்டரம்மாவிடம் அழைத்து வந்தான். மருந்து எழுதிய டாக்டரம்மா, பெரியவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லையா என்று கேட்டார். கரையாம்புத்தூரில் கட்டிக்கொடுத்த அக்கா தனம் இருக்கிறாள் என்றான். சொல்லும்போதே எழுந்துவிட்டான். "பெத்த பொண்ணு இருக்கறப்ப மருமவ மட்டும் இன்னாத்துக்கு சாவணும்? இப்பவே போயி கூட்டியாறேன்."

மத்தியான வேளை

மூன்று மாதம் கழித்துப் போனபோது கதவு சாத்தியிருந்தது. கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். தட்டினேன். திறந்தது தனம். உள்ளே பெரியவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "அஞ்சலை எங்கே?" என்றேன். தனம் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். அறைக்குள் பாயில், வாய் லேசாகத் திறந்திருக்க, அஞ்சலை குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தனம் மெதுவாகச் சொன்னாள்: "இப்பல்லாம் நல்லா துன்னுது, நல்லா தூங்குது. எழுப்பாத டீச்சரம்மா. உன் கேள்வியெல்லாம் என்னைக் கேளு, எனக்குத்தான் இப்ப சோர்வா கீது."

இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்ததில், பதில் சொல்ல வேண்டியவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்பதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைத்ததில்லை.