குளிர்பதனப் பெட்டிக் கதவில் என் பெயர்

இந்த வின்னிபெக் நகரில் யாரும் சும்மா வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். பக்கத்து வீடாக இருந்தாலும் "வரலாமா?" என்று போனில் செய்தி வரும். பக்கத்து வீட்டு லிண்டா மட்டும் அப்படியில்லை. நாங்கள் குடிவந்த மூன்றாம் நாளே கண்ணாடிப் பாத்திரத்தில் ஆப்பிள் கேக்கோடு வாசலில் நின்றாள். அட, எங்கள் ஊர் சூலூர்க்காரி மாதிரி ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று பூரித்துப்போனேன். என் கணவருக்கு வேலை போனபோது தினமும் வந்தாள். நான் அழுததையெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

போன வாரம் அவள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஓர் அட்டையைப் பார்த்தேன். அவளுடைய கிறிஸ்தவ சபை கொடுத்தது. ஐந்து பெயர்கள்; மூன்றாவது நான். "மலர். இந்து. கணவருக்கு வேலையில்லை. மனம் இளகியிருக்கிறது." நான் நான்காம் தலைமுறைக் கிறிஸ்தவள். என் பெயரையும் நிறத்தையும் வைத்து அவளாகவே முடிவு செய்துவிட்டாள், போகட்டும். ஆனால் என் அழுகையைக் கேட்டுவிட்டு வந்து குறித்து வைத்திருக்கிறாளே, சீ! அதைவிட உறுத்தியது இன்னொன்று. அந்தக் கடைசி வரி எனக்குப் புதிதல்ல. நானும் எழுதியிருக்கிறேன்.

சூலூரில் எங்கள் சபையிலும் இதையேதான் சொல்லிக்கொடுத்தார்கள். மேடை போட்டுப் பேசினால் யார் கேட்கிறார்கள்? பழகுங்கள், கஷ்டத்தில் கூட நில்லுங்கள், பிறகு ஆண்டவரைப் பற்றிச் சொல்லுங்கள். ஆளுக்கொரு வீடு. நான் எழுதிக்கொடுத்தது பக்கத்து வீட்டு சரஸ்வதி அக்காவின் பெயரை. நான்கு விசைத்தறி வைத்திருந்த அவர் கணவர் பக்கவாதத்தில் விழுந்து பேச்சிழந்தபோது, தினமும் ஆஸ்பத்திரிக்குத் தூக்குப்போசியில் ரசம் கொண்டுபோனேன். அக்காமேல் எனக்கு உண்மையாகவே பிரியம் இருந்தது. அதைச் சொன்னால் இப்போது யார் நம்புவார்கள்?

ஒருநாள் அக்கா காபி வாங்கக் கீழே போயிருந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் போதகரை ஆஸ்பத்திரி அறைக்குள் கூட்டிப்போனேன். அவர் அக்காவின் கணவரான அண்ணனின் தலையில் கைவைத்து ஜெபித்தார். அண்ணன் கண்ணில் நீர் வழிந்தது. "கர்த்தர் தொட்டுவிட்டார்" என்றார் போதகர். அண்ணனின் இடது கை அந்தக் கையைத் தள்ளிவிடத் தவித்ததை நானும் பார்த்தேன். பார்த்துக்கொண்டு ஆமென் சொன்னேன்.

அக்கா காபியோடு வாசலில் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"ஏனுங்க அம்மணி, அவரு வாய் தொறந்து வேண்டாமுன்னு சொல்லமாட்டாருன்னுதானே கூட்டியாந்தீங்க?"

மறுநாள் என் தூக்குப்போசி கழுவித் திரும்பி வந்தது, வெறுமையாக. எங்கள் பக்கம் பாத்திரத்தை அப்படித் தரமாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். அதன்பின் நாங்கள் பேசவில்லை. நான் கனடா வந்துவிட்டேன்.

அட்டையைப் பார்த்த ஆத்திரத்தில் நானும் லிண்டாவின் கண்ணாடிப் பாத்திரத்தைக் கழுவி வெறுமையாகக் கொண்டுபோய் நீட்டினேன். "கழுவியே கொண்டுவந்தாயா! எவ்வளவு நல்லவள் நீ" என்று கட்டிக்கொண்டாள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த ஊரில் கோபத்தைக்கூட எனக்கு ஒழுங்காகக் காட்டத் தெரியவில்லை.

நேற்று சரஸ்வதி அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு நான் பண்ணுனது தப்புங்க. அண்ணங்கிட்டயும் மன்னிப்புக் கேக்கோணும். போனைக் குடுக்கறீங்களா?"

தறி ஓடும் சத்தத்துக்கு நடுவே அக்கா சொன்னார்.

"அவரு போயி ஒரு வருசமாச்சுங்க அம்மணி. பவானியில கரைச்சுப்போட்டு வந்தோமுங்க. உங்களுக்குச் சொல்லோணும்னுதான் நெனச்சேன். நீங்க ஜெபத்தை ஆரம்பிச்சுப்போடுவீங்களோன்னு உட்டுட்டனுங்க."

"ஜெபம் பண்ணிக்கிறேன்க்கா" என்று சொல்ல வாயெடுத்தேன். சாவுச் செய்தி கேட்டால் நாங்கள் சொல்வது அதுதான். விழுங்கினேன். அதைத் தவிர ஆறுதலாக ஒரு வார்த்தை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அக்கா காத்திருந்துவிட்டு, "சரிங்க, வெச்சறட்டுங்களா?" என்றார்.

வின்னிபெக்கில் என் சமையலறையில்தான் இருந்தேன். சூலூரில் சாவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வாங்க என்று யாரும் சொல்லாமல் நிற்கிறவளைப் போல நின்றேன்.