மைக்கில் உரசிய தாலிக்கொடி

பள்ளி ஊடகக் கழகத்தில் சேர்ந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. முதல் காணொலியிலேயே குட்டுப்பட்டேன். படம் மங்கலாக இருந்தால்கூட ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் சரியில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள் என்று சொல்லி ஆசிரியர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்ததிலும் சத்தம் கெட்டால் என்னைக் கேமரா பக்கமே விடமாட்டார்கள், நாற்காலி அடுக்கும் குழுவில் தள்ளிவிடுவார்கள் என்று கழகத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது காணொலிக்கு அம்மாவைப் பேட்டி எடுப்பதென்று முடிவு செய்தேன். அம்மா புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். விடியும் முன்பே தொழிற்சாலை பஸ் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே வந்து நிற்கும். அதில் ஏறிக் கடல்பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போய்விடுவாள். சீருடையில்தான் உட்கார வேண்டும் என்றேன். சம்மதித்தாள், ஆனால் தாலிக்கொடியை எடுத்து வெளியே விட்டுக்கொண்டாள். நாலு பேர் பார்க்கிற படத்தில் கழுத்து வெறிச்சென்று இருக்கக்கூடாதாம்.

பள்ளியில் இரவல் வாங்கிய குட்டி மைக்கை அவள் சட்டையில் மாட்டி, படம் எடுக்கும் கைப்பேசியை எதிரே நிறுத்திவிட்டு ஹெட்போனைக் காதில் வைத்தேன். கரகரவென்று ஒரே சத்தம். காத்தாடியை நிறுத்தினேன். ஐஸ்பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி டிவியைக் குறைக்கச் சொன்னேன். வீடு புழுங்கியதுதான் மிச்சம், கரகரப்பு போகவில்லை. பயம் ஒரு பக்கம் இருந்தாலும், இது எங்கிருந்துதான் வருகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. அம்மாவை மூச்சை அடக்கச் சொன்னேன், சத்தம் நின்றது. மூச்சு விடச் சொன்னேன், வந்தது. தாலிக்கொடிதான் ஏறி இறங்கி மைக்கை உரசிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொடியைச் சட்டைக்குள் போட்டால் துணிக்கு அடியிலிருந்து உரசியது. மைக்கை எங்கே மாற்றினாலும் தேடிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் கழற்றி வைக்கலாமே என்றேன். அம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அதுவரை நாளிதழில் மூழ்கியிருந்த அப்பாதான் வழி சொன்னார்.

"நான் புடிச்சிக்கிறேன் லா. படத்துல தெரியாம கீழ உக்காந்துக்கிறேன்."

சொன்னபடியே அம்மாவின் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தாலியை விரல் நுனியில் பிடித்து, மைக்கில் படாமல் முன்னால் இழுத்துக்கொண்டார். அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்புகூட ஹெட்போனில் சுத்தமாகக் கேட்டது.

வேலைக்குப் போன முதல் நாள் எப்படி இருந்தது என்று கேட்டேன். அம்மா கேமராவையும் கீழே இருந்த அப்பாவையும் மறந்து என்னைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

"நீ அப்ப கைக்கொழந்த. மாக் மண்டின் பேக்டரியில ஒங்கப்பாவுக்கு வேலை போயிருச்சு. ஒன்ன அவருகிட்ட விட்டுட்டு பஸ் ஏறுவேன். பாலம் முடியிற வரைக்கும் அழுவேன். அவருகிட்ட சொன்னதே இல்ல. சொன்னா ஒடஞ்சி போயிருவாருன்னு பயம்."

ஹெட்போனில் மறுபடியும் சத்தம். இது கரகரப்பு இல்லை. கொடியில் கோத்த குண்டும் காசும் ஒன்றோடொன்று மோதுகிற மெல்லிய கிணுகிணுப்பு. எட்டிப் பார்த்தேன். அப்பா தலையைக் குனிந்திருந்தார். கை ஆடிக்கொண்டிருந்தது.

"அப்பா, கைய ஆட்டாதீங்க. சத்தம் வருது," என்றேன்.

அவர் நிமிரவில்லை. அம்மா குனிந்து அவர் தோளில் கை வைத்தாள். அதில் படமும் கெட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது. முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்று அறிவித்தேன்.

இரண்டாவது முறை அதே கேள்விக்கு, முதல் நாள் நன்றாகவே போனது, கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் நல்ல மாதிரி என்றாள் அம்மா. துளி இரைச்சல் இல்லை. அதையே கொடுத்தேன். முதலில் எடுத்ததைக் கைப்பேசியில் இடம் போதவில்லை என்று அழித்துவிட்டேன். சத்தம் பிரமாதம் என்று ஆசிரியர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். இரண்டாவது முறை அப்பாவின் கை ஆடாமல் இருந்ததற்கு என் கண்டிப்புதான் காரணம் என்று வெகு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.