சுருட்டி நிறுத்திய துண்டு

நான் முடிவெட்டுகிறவன். முப்பத்தோரு வருடமாகச் சலூன் வைத்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆளுக்கொரு பேய்க்கதை சொல்வார்கள். கத்தரிக்கோலை நிறுத்தாமல் 'ம்' கொட்டுவேன். மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். அப்படிச் சிரித்தவன்தான் இதை எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. நம்பாதவர்கள் கடைக்கு வாருங்கள். அந்த அலாரத்தை எடுத்துக் காட்டுகிறேன்.

என் தங்கையைக் கட்டிக்கொடுத்தது வெளிநாட்டில். அப்பாவுக்கு அதில் இஷ்டமே இல்லை. ஒரு தலைவலி காய்ச்சல் என்றால் ஓடிப்போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார். நான்தான் "பையன் தங்கம்" என்று ஒற்றைக் காலில் நின்று முடித்துவைத்தேன். பன்னிரண்டு வருடம் போனது. போன வருடம் ஒருநாள் விடிகாலையில் மாப்பிள்ளையிடமிருந்து போன். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவளுக்குத் தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார். எனக்கு விசா கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியாக அவள் முகத்தைக் கைபேசித் திரையில்தான் பார்த்தேன்.

ஒரு வருடம் கழித்து அவரே கூப்பிட்டார். "மச்சான், ஒரு தடவ வந்துட்டுப் போங்க. அவளும் நானும் கேரவன்ல சுத்துன கடற்கரையெல்லாம் காட்டுறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தக் காலத்தில் எந்த மாப்பிள்ளை இப்படி நினைப்பான் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பாதிச் சவரத்தில் நிறுத்திவிட்டுச் சொன்னேன்.

கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் மேக்கப் போடும் வண்டி என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு வீட்டையே மடித்து வைத்திருந்தார்கள். முன்னால் ஓட்டுகிற இடம், இரண்டு இருக்கை. அதற்குப் பின்னால் ஓர் இழுவைக் கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் சின்ன அடுப்படி, சுவரில் ஒரு கேஸ் ஹீட்டர், இறங்குவதற்குப் பக்கவாட்டில் ஒரு வாசல். ஆகக் கடைசியில் கட்டில். கட்டிலுக்கு நேர்மேலே, கூரையில், வெள்ளையாக ஒரு வட்டப் பெட்டி.

அடுப்படித் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது. கம்பிவலை போட்ட ஓட்டை. குனிந்து பார்த்தால் கீழே சாலை தெரிந்தது.

முதல் நாள் முழுக்க ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பாறை. மாப்பிள்ளை அதிகம் பேசவில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி ஒரு பாறை மேட்டில் வண்டியை நிறுத்தினோம். அப்படி ஒரு குளிரை நான் பார்த்ததில்லை. அந்த ஓட்டை வழியாகக் காற்று ஊசி ஊசியாக ஏறியது. கூடவே கொண்டுபோயிருந்த கடைத்துண்டு ஒன்றை எடுத்து ஓட்டையில் அடைத்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று தம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அடைப்பதைப் பார்த்தார். துடைத்த தம்ளரையே மறுபடி துடைத்தார். ஹீட்டரை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று காட்டினார்.

"நான் முன்னாடி சீட்லயே படுத்துக்கிறேன் மச்சான். குறட்டை விடுவேன், உங்களுக்குத் தூக்கம் கெட்டுடும்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கண்ணாடியை இறக்கும் சத்தமும் கேட்டது. இந்தக் குளிரில் எதற்குக் கண்ணாடியை இறக்குகிறார் என்று யோசித்தேன். அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. என் தங்கை புருஷனைப் பற்றிச் சொல்லாமல் விட்ட குறையே கிடையாது. குறட்டையைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை.

நடு ராத்திரியில் கால் விறைத்து விழிப்பு வந்தது. மணி பார்த்தேன். மூன்று இருபது. அடைத்த துண்டு ஓட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது. கீழிருந்து காற்று தள்ளியிருக்கும் என்று திரும்பவும் அடைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் மறுபடி வெளியே கிடந்தது.

இரண்டாம் நாள் ராத்திரி வேறு ஊர், வேறு கரை. காற்றுக்கு ஒரு பாடம் கற்பிக்கிறேன் என்று துண்டை நன்றாகத் திணித்து, மேலே தண்ணீர் கேனை ஏற்றி வைத்தேன். ஐந்து லிட்டர் கேன். மாப்பிள்ளை அன்றும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தூக்கத்தில் ஒரு சத்தம்.

டப்.

எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். எங்கே கேட்டது என்றுதான் பிடிபடவில்லை. எழுந்து கைபேசி வெளிச்சத்தை அடித்தேன். மூன்று இருபது. கேன் ஓரமாக நகர்ந்திருந்தது. துண்டு வெளியே இருந்தது. கிடக்கவில்லை... நின்றது.

இதை விளக்கியே ஆக வேண்டும். எங்கள் கடையில் துவைத்த துண்டை மடித்து அடுக்கும் வழக்கம் கிடையாது. நீளவாக்கில் மூன்றாக மடித்து, இறுக்கிச் சுருட்டி, கடைசி முனையை உள்ளே செருகி, அடிப்பக்கத்தைப் பலகையில் 'டப்' என்று ஒரு தட்டு தட்டுவோம். தம்ளர் மாதிரி நேராக நிற்கும். அப்பா கண்டுபிடித்த முறை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் தங்கையும் போட்டி போட்டுச் சுருட்டுவோம். ஜெயிப்பது அவள்தான். மாப்பிள்ளைக்கு எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தாள். அவர் சுருட்டிய துண்டு குடிகாரன் மாதிரி சாயும். வீடே சிரிக்கும்.

உலகத்தில் அப்படித் துண்டு நிறுத்தத் தெரிந்தவர்கள் மூன்று பேர். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். மீதி இரண்டு பேரில் நான் கட்டிலில் இருந்தேன்.

காலையில் கேட்டேன். "ராத்திரி துண்ட எடுத்தது நீங்களா மாப்ள?"

"எந்தத் துண்டு?"

"ஓட்டையில வெச்சிருந்தேனே."

டீ அவர் கையிலேயே சிந்தியது. சுட்டிருக்கும். அவர் துடைக்கக்கூட இல்லை. "காத்தா இருக்கும் மச்சான்" என்றார். நான் பேச்சை மாற்றக் கூரையைக் காட்டி, அந்த வட்டப் பெட்டி என்ன என்று கேட்டேன்.

"அலாரம். கேஸ் புகை சேந்துச்சுன்னா கத்தும். பேட்டரி இல்ல அதுல. சும்மா சும்மா கத்தி உயிர வாங்கும்."

எட்டிப் பார்த்தேன். மூடி திறந்து தொங்கியது. பேட்டரி இருக்க வேண்டிய பள்ளம் காலி.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. மேலே போகிற சாலையை மூடிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கேரவன்கள் நிறுத்தும் ஒரு முகாமுக்குள் நுழைந்தோம். மாப்பிள்ளைக்கு அங்கே நுழைய மனமே இல்லை. வாசலில் காவல்காரம்மா குடையோடு வந்தாள். வண்டி நம்பரைப் பார்த்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். பின்பக்கம் உட்கார்ந்திருந்த என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். என்னமோ சொன்னாள், எனக்குப் பாஷை புரியவில்லை. கடைசி இடத்தைக் காட்டிவிட்டுப் போனாள். எங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கேரவன் மட்டும் நின்றது.

அன்றைக்கு நான் செய்தது முட்டாள்தனம். குளிருக்காக மட்டும் அடைக்கவில்லை. வருவது யார் என்று பார்த்துவிட ஆசை. அவள்தான் என்றால் எனக்கு என்ன பயம்? இரண்டு துண்டை ஒன்றாகத் திணித்தேன். கேனை வைத்தேன். ஹீட்டரைத் திருகினேன். மாப்பிள்ளை இழுவைக் கதவுக்குப் பக்கத்தில் நின்று வாயைத் திறந்தார், மூடினார். "தூங்குங்க மச்சான்" என்றார். கதவைச் சாத்தினார். அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழும் சத்தத்தை அன்றுதான் கவனித்தேன்.

விழித்திருக்க வேண்டும் என்று படுத்தேன். பத்தே முக்கால் வரை நினைவு இருக்கிறது. தலை கனத்தது. மழைச் சத்தம் தூரமாகப் போனது.

பீப்... பீப்... பீப்...

கண்ணைத் திறந்தேன். சத்தம் நேர் மேலே இருந்து வந்தது.

மூடி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பள்ளம் காலியாகத்தான் இருந்தது.

பீப்... பீப்... பீப்...

எழ முயன்றேன். கை வரவில்லை. கால் வரவில்லை. நெஞ்சுக்குள் காற்று இறங்கவில்லை.

அடுப்படியில் கேன் நகர்ந்தது. கர்ர்ர்...

துணி உருவும் சத்தம். சர்ர்...

ஒன்று.

சர்ர்...

இரண்டு.

காலில் குளிர்காற்று பட்டது.

டப்.

டப்.

பிறகு என் உச்சந்தலையில் விரல்கள். சின்ன விரல்கள். ஈரமாக இருந்தன.

தட்டி எழுப்பின.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. இழுவைக் கதவை அடித்தேன். திறக்கவில்லை. பக்கவாட்டு வாசலைத் தள்ளிக்கொண்டு மழையில் போய் விழுந்தேன். வாந்தி எடுத்தேன். கைக்கடிகாரத்தில் மூன்று இருபத்துமூன்று.

தட்டுத்தடுமாறி முன்பக்கம் போனேன். கண்ணாடி முழுதாக இறங்கியிருந்தது. மாப்பிள்ளை ஓட்டுகிற இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மழை அவர் மடியில் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு காதிலும் விரலை விட்டு அடைத்திருந்தார். கண் திறந்திருந்தது.

கையைப் பிடித்து இழுத்தேன்.

"நின்னுடுச்சா?" என்றார்.

"என்னது?"

"உங்களுக்கும் கேட்டுச்சுல்ல?" அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "எனக்கு மட்டும்தான் கேக்குதோன்னு இருந்தேன். உங்ககிட்டயும் வருதான்னு பாக்கத்தான் கூப்பிட்டேன் மச்சான்."

அந்த மழையிலேயே நிற்கவைத்துக் கேட்டேன். சொன்னார். தங்கை செத்தது வீட்டில் இல்லை. இந்த வண்டியில். இதே முகாமில், இதே இடத்தில். குளிர் என்று ஓட்டையில் துணி அடைத்திருந்தார்கள். ஹீட்டர் எரிந்தது. காற்றுப் போக்குவரத்து இல்லாமல் நச்சுப்புகை சேர்ந்துவிட்டது. சண்டை போட்டுக்கொண்டு அவர் முன்னிருக்கையில் வந்து படுத்திருக்கிறார். காலையில் கதவைத் திறந்தால் அவளுக்கு உயிர் இல்லை.

"அலாரம்?"

"பேட்டரி தீந்து போயிருந்துச்சு. அன்னைக்கு அது அடிக்கவே இல்ல மச்சான். சத்தியமா."

"மூணு நாளா நான் அதே ஓட்டைய அடைக்கிறேன். பக்கத்துல நின்னு பாத்தீங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா எல்லாத்தயும் சொல்லணுமே."

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். தினம் முப்பது கழுத்தில் கத்தி வைக்கிறவன் நான். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைக் கொடுக்கிறவனின் நம்பிக்கை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அவருக்கு அது தெரியவில்லை. என் தங்கையை அவர் கையில் கொடுத்தவன் நான். என்னையும் அதே கட்டிலில் படுக்கவைத்து, கதவைத் தாழ்போட்டு, காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடிக்கக் கை ஓங்கினேன். அப்போதும், பயந்து போயிருக்கிறான் பாவி, தெரியாமல் நடந்த விபத்துதானே, என்று கை தானாக இறங்கிவிட்டது. அதுவரைக்கும் நான் அவரை நம்பத்தான் செய்தேன்.

விடிந்ததும் காவல்காரம்மா வந்தாள். கோபமாக வந்தாள். மாப்பிள்ளை குளியலறைப் பக்கம் போயிருந்தார். பாஷை தெரியாத என்னிடம் தன் கைபேசியை நீட்டி அதில் பேசினாள். அது தமிழாக்கிச் சொன்னது. ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு பெண் குரல்.

"நேற்று இரவு உங்கள் வண்டியில் அலாரம் ஒலித்ததாகப் பக்கத்து வண்டியினர் புகார் செய்துள்ளனர். மூன்று மணி இருபது நிமிடம்."

அதில் பேட்டரியே இல்லை என்று சொன்னேன். அவள் கைபேசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு மறுபடி பேசினாள்.

"போன வருடமும் இதே வண்டி. அந்தப் பெண் இறந்த இரவு. அதே நேரம். அப்போதும் பக்கத்து வண்டியினர் அலாரத்தைக் கேட்டார்கள். ஐந்து நிமிடம் ஒலித்தது. பிறகு யாரோ நிறுத்தினார்கள்."

நான் வண்டிக்குள் ஏறினேன். அடுப்படித் தரையில் இரண்டு துண்டும் பக்கத்தில் பக்கத்தில் நேராக நின்றன. தாண்டிப் போனேன். கூரையில் இருந்து அலாரத்தைக் கழற்றப் போனேன். எட்டவில்லை. கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்ற வேண்டியிருந்தது. தலையணைக்கு மேலாகக் கையை நீட்டித்தான் கழற்ற முடிந்தது.

அவள் அந்தத் தலையணையில்தான் படுத்திருந்தாள். அலாரம் ஐந்து நிமிடம் அடித்திருக்கிறது. ஒருவன் எழுந்து, உள்ளே வந்து, இதே மாதிரி முழங்காலை ஊன்றி, அவள் முகத்துக்கு மேலே கையை நீட்டிப் பேட்டரியைக் கழற்றியிருக்கிறான்.

அப்புறம் முன்பக்கம் திரும்பிப் போய், கதவைச் சாத்தியிருக்கிறான்.