வேட்டி கிழிக்கும் டிரெஸ்ஸர்

நாம் வணக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவருடைய கட்டைவிரல் நம் கண்ணுக்குக் கீழே வந்துவிடும். இமையை இழுத்து உள்ளே எட்டிப் பார்த்து, "வெளுத்துக் கெடக்கே, என்னத்தத் தின்னே?" என்பார். மலாயாவில் புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் மாயாண்டியின் நலம் விசாரிப்பு அவ்வளவுதான். மணவறையில் மாப்பிள்ளையின் இமையை இழுத்தவர். கூலிகளை மேய்க்கும் மண்டோர் வீட்டு ஆட்டையும் விட்டுவைக்கவில்லை. "ஆட்டுக்கு இருக்குற ரத்தம் அத மேய்க்கிறவனுக்கு இல்ல லா" என்று அங்கேயே அறிவித்தார். ஆனால் தம் இமையை மட்டும் யாரையும் தொடவிட மாட்டார்.

ஜப்பான்காரன் வந்ததும் அரிசி போயிற்று; மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. ரத்தசோகை பெருகிவிட்டது, கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. ரப்பர் பால் வெட்டும் மங்கம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவப்பு. நாக்கை நீட்டினால் வெற்றிலைச் சிவப்பு. நகத்தில் ரப்பர் கறை.

"ஒடம்பு பூரா சாயம் பூசிக்கிட்டு வந்தா நான் எங்கதான் பாக்குறது?" என்று கத்திவிட்டு, உள்ளங்கையை விரித்து ரேகைக்குள் சிவப்பைத் தேடினார்.

"அப்படியே எம் மவனுக்கு எப்ப கல்யாணம்னு சொல்லுங்கய்யா."

"மொதல்ல கீரையத் தின்னு!"

மேலிடத்துத் தாளில் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண். காய்ச்சல் ஒன்று, குடல்புழு இரண்டு, காயம் மூன்று. சோறில்லாமல் வரும் சோகைக்கு எண்ணே இல்லை. அப்படியொரு நோய் இங்கே கிடையாது என்று ஜப்பான் அதிகாரி சொல்லிவிட்டார். காயம்பட்டவர்களுக்கு மட்டும் சோயா அவரை கிடைக்கும். மாயாண்டி வெளுத்தவர்களையெல்லாம் மூன்றாம் எண்ணில் எழுதினார். காயம் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? தம் எட்டு முழ வேட்டியைக் கிழித்து ஆளுக்கொரு கால்விரல் கட்டுப் போட்டார். வலது கால் என்றால் நிஜக் காயம், இடது கால் என்றால் சோகை. அதிகாரியைத் தவிர தோட்டத்தில் எல்லாருக்கும் இது தெரியும். வேட்டி இப்போது முழங்காலுக்கு மேலே நிற்கிறது.

போன வாரம் அதிகாரி திடீரென்று வந்து நின்றார். எல்லாரும் நொண்டினார்கள். பதற்றத்தில் மங்கம்மா கட்டில்லாத காலை நொண்டினாள். அதிகாரி முறைத்தார். மாட்டினால் சோயாவும் போகும், மாயாண்டியின் தலையும் போகும்.

"எல்லாருக்கும் எப்படி இடது காலிலேயே காயம்?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"எங்காளுங்க எடது கால முன்ன வச்சுதான் நடப்பாங்க, துவான்" என்றார் மாயாண்டி. "இந்தம்மாவுக்கு வலி தாங்காம காலே மாறிப்போச்சு."

அதிகாரி கொஞ்ச நேரம் அவருடைய குட்டை வேட்டியையே பார்த்தார். பிறகு சோயா மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மாயாண்டி படியில் சரிந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. "வயசாச்சு லா" என்றார். தம் பெயரை அவர் எந்த எண்ணிலும் எழுதிக்கொள்ளவில்லை என்பது கட்டோடு வரிசையில் நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மனுஷன் மேல் கோபம் கோபமாக வந்தது.

அதற்குள் மங்கம்மாவின் கட்டைவிரல் அவர் கண்ணுக்குக் கீழே போயிருந்தது. இமையை இழுத்துப் பார்த்தாள். குனிந்து, தன் இடது கால் கட்டை அவிழ்த்து, அவர் இடது கால்விரலில் சுற்றத் தொடங்கினாள்.