பிரஷர் நார்மல்

மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. அதுதான் முதல் அறிகுறி. அப்போது கனகசெட்டிக்குளத்தில் மீன் வண்டிகளுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். உடம்பு வலிக்குக் கடை மாத்திரையை வெறும் வயிற்றில் டீயோடு விழுங்குவது வழக்கம். மாத்திரையின் சாயம் என்று நினைத்தேன். உங்களுக்கு அப்படிப் போனால் சும்மா இருக்காதீர்கள். வயிற்றுப் புண்ணிலிருந்து கசியும் ரத்தம் அது.

எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். எங்கே விழுந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. விழுந்தது மூலக்குளத்தில், அக்கா வீட்டு வாசலில். வாய் வழியாக ரத்தம் கொட்டியது.

மருத்துவமனையில் நடந்தது பிறகு அக்கா சொல்லித் தெரிந்தது.

ரத்த வங்கியில் ஒரு பைதான் கிடைத்தது. மேற்கொண்டு வேண்டுமானால் ஆள் கொண்டுவரச் சொன்னார்கள். மாமா தன்னோடு மில்லில் வேலை செய்யும் நாலு பேரைக் கூட்டி வந்தார். அதற்குள் டாக்டரம்மா எனக்கு நார்அட்ரினலின் (ரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து) ஏற்ற ஆரம்பித்திருந்தார்.

“பிரஷர் மருந்து ஓடுதும்மா.”

“பிரஷரா? அது எங்க அம்மாவுக்குத்தான் மேடம். இவன் அடுத்தவங்களுக்கு ஏத்துறவனாச்சே!” என்றாளாம் அக்கா.

டாக்டரம்மா சிரித்தாராம். விளக்கம் அந்தச் சிரிப்போடு முடிந்தது.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து, “பிரஷர் நார்மலுக்கு வந்துடுச்சு” என்றார்.

எங்கள் வீட்டில் பிரஷர் என்றால் நோய்; நார்மல் என்றால் நோய் போய்விட்டது. டாக்டர் அந்தச் சொல்லைச் சொன்ன அன்றைக்கே அம்மா கருவாட்டுக் குழம்பு வைப்பாள். அக்கா நேரே அந்த நாலு பேரிடம் போனாள்.

“நார்மலாயிடுச்சாம்ணா. நீங்க ஷிஃப்டுக்குப் போங்க. எதுக்கு வீணா ரத்தம் குடுத்துக்கினு?”

மாமாவும் அவர்களோடு வேலைக்குப் போய்விட்டார்.

குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் வேகமாகப் பீச்சும். தொட்டி நிறைந்துவிடுமா? எனக்குள் நடந்தது அதுதான். திரையில் எண் நன்றாக இருந்தது. உடம்பில் ரத்தம் இல்லை.

அடுத்த பைக்கு ஆள் கேட்டபோது அக்கா மட்டும் நின்றாள். அவள் உடம்பிலேயே ரத்தம் குறைவு என்று அவளிடம் எடுக்கவில்லை. வீட்டில் யாரிடமும் செல்போன் கிடையாது. மில் வாசலுக்கு ஓடினாள். ஷிஃப்ட் முடிந்துதான் ஆளை விடுவேன் என்றார் வாட்ச்மேன். அதுவரை மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள்.

ரத்தம் வந்தது. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் புண்ணை அடைத்தார்கள். பிழைத்தேன். மருந்து குழாய்களை இறுக்கியதில் ரத்தம் எட்டாமல் இடது காலின் ஐந்து விரல்களும் கரிக்கட்டையாகிவிட்டன. வெட்டி எடுத்தார்கள்.

“உயிரா விரலான்னு வந்தா உயிரைத்தானே பாக்கணும்,” என்றார் டாக்டரம்மா. சரிதான்.

“ரத்தம் நேரத்துக்கு வந்திருந்தா?” என்று கேட்டேன்.

“மருந்து இவ்ளோ தேவப்பட்டிருக்காது.”

சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா போர்வையை இழுத்துக் காலை மூடினாள். நார்மல் என்று அவளிடம் சொன்னவர்களின் பக்கம் யாரும் திரும்பவில்லை.

உங்கள் ஆள் உள்ளே கிடந்தால் பிரஷர் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். ரத்தம் போதுமா என்று கேளுங்கள். அவர்கள் சலித்துக்கொண்டாலும் கேளுங்கள்.

முன்பு பஸ் நகர ஆரம்பித்த பிறகுதான் ஓடிப்போய்த் தொற்றுவேன். எந்த ஊரையும் அப்படித்தான் விட்டேன். இப்போது முன்னாலேயே போய் நின்று காத்திருக்கிறேன். அப்படியும் சில கண்டக்டர்கள் நான் ஏறும் முன் விசில் ஊதிவிடுகிறார்கள். இல்லாத விரல்கள் தரையை உந்தப் பார்க்கின்றன. பஸ் போய்விடுகிறது.