சீட்டை இறக்கிய ரேஸ் சைக்கிள்

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் பொட்டு வாங்காமல் தப்பித்த சாமான் எதுவும் கிடையாது. அரிவாள்மனை, அம்மி, மிக்ஸி, தையல் மெஷின், மாமாவின் கம்பெனி ஹெல்மெட் என்று அம்மா சந்தனக் கிண்ணத்தோடு ஒரு சுற்று வந்தால், வீடே கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிடும். எனக்குத்தான் வயிற்றெரிச்சல். பக்கத்து வீட்டில் பைக்குக்கு மாலை, எதிர்வீட்டில் காருக்கு வாழைக்கன்று. எங்களிடம் இருந்த வண்டி, அம்மாவின் தம்பியான என் மாமாவின் பழைய மொபெட் ஒன்றுதான். அப்பா ஓட்டிய கம்பெனி பஸ்ஸுக்கு ஒரகடத்து ஷெட்டிலேயே பூஜை நடந்துவிடும். எங்கள் ஊரான வடக்குப்பட்டுக்கு அது வந்து வாசலில் நிற்காது. அப்போது நான் நாலாம் வகுப்பு.

அந்த வயிற்றெரிச்சலில்தான் பீரோவிலிருந்த படம் ஞாபகத்துக்கு வந்தது. அம்மாவின் கூரைப்புடவைக்கு அடியில், பழைய தலையணை உறை ஒன்றுக்குள் அது இருந்தது. அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் நான் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். பாவாடை தாவணியில், ரெட்டைச் சடையோடு அம்மா. அவள் கை ஒரு ரேஸ் சைக்கிளின் மேல். ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், சீமாறு குச்சி போலச் சன்னமான டயர். பின்னால் அம்மா பிறந்த மணிமங்கலத்து ஏரிக்கரை. சாயம் போய் எல்லாமே இளஞ்சிவப்பாகிவிட்ட படம். ஆனால் அம்மா சிரிக்கிற சிரிப்பு மட்டும் சாயம் போகவில்லை. எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சரி, நம்மிடமும் ஒரு வண்டி இருக்கிறதே என்று படத்தைக் கொண்டுபோய் சாமி முன்னால் வைத்துவிட்டேன். சும்மா வைப்பேனா? முன்சக்கரத்தில் ஒரு பொட்டு, பின்சக்கரத்தில் ஒரு பொட்டு. மேலே ஒரு சாமந்திப் பூ.

கற்பூரம் காட்டும்போதுதான் மாமா பார்த்தார். "ஏ, இன்னாக்கா இது! ரேஸ் சைக்கிளு! இது நீயா?"

அம்மாவின் முகத்தில் ரத்தம் இல்லை. தட்டைக் கீழே வைத்தாள். அதற்குள் அத்தை குனிந்துவிட்டாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, படப்பையில் வாழ்க்கைப்பட்டவள். தாய் இல்லாத அப்பாவைத் தூக்கி வளர்த்தவள். "என் தம்பிக்கு இத்தவிட நல்ல எடத்துல பொண்ணு எடுத்திருக்கலாம்" என்பதை அம்மா காதுபடச் சொல்லாமல் எந்தப் பண்டிகையும் அவளுக்கு நிறைவுபெறாது. அவள் வாயில் விழுந்தால் ஊர் வாயில் விழுந்த மாதிரிதான்.

"யாரு வண்டிம்மா இது?" என்றாள்.

"ஸ்டூடியோ வண்டி. போட்டோ புடிக்கறதுக்குன்னு வச்சினு இருப்பாங்க."

"ஓகோ. ஸ்டூடியோவுக்குள்ளாற ஏரிக்கரையும் வச்சினு இருந்தாங்களா?"

அம்மா படத்தை எடுத்து முந்தானைக்குள் சொருகிக்கொண்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மாமாவோ, கர்மம், இது எதையும் கவனிக்காமல் அதற்குள் தன் செல்போனில் படத்தைப் பிடித்து வைத்துவிட்டார். "எங்க கம்பெனிக்கு ஒரு இத்தாலிக்காரர் வந்துகிறாரு. புது மெஷினை மாட்டிக் குடுத்துட்டுப் போறதுக்கு. அவருக்குப் பழைய சைக்கிள்னா உசுரு. ஞாயித்துக்கிழமைன்னா அவங்க ஊருல பழைய ரேஸ் வண்டியப் பிரிச்சுப் போட்டுக்கினு உக்காந்துருவாராம். இத காட்னா இன்னா வண்டின்னு புட்டுப் புட்டு வச்சிடுவாரு!"

மத்தியானம் மாமாவின் கம்பெனியில் பூஜை. வருஷத்தில் அன்று ஒருநாள்தான் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். அம்மா தலைவலி, நான் வரவில்லை என்றாள். அத்தை விடுவாளா? வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்திருக்கிறது. "நீ வராம எப்படிம்மா? வா, வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மெஷின் ஓடும் லைனெல்லாம் நிறுத்தி வைத்திருந்தார்கள். மெஷின்களுக்கு மாலை, கலர் பேப்பர், ஒவ்வொன்றின் நெற்றியிலும் பட்டை. சூப்பர்வைசர்கள் வேட்டியில் வந்து, அதை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நடந்தார்கள். அப்பாவும் பஸ் பூஜையை முடித்துக்கொண்டு காக்கிச் சட்டையோடு நேரே அங்கே வந்து சேர்ந்தார். அவருக்குக் காலையில் நடந்தது எதுவும் தெரியாது. தொன்னையில் சுண்டலை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றார்.

இத்தாலிக்காரர் நல்ல உயரம். நெற்றியில் யாரோ ஒரு ரூபாய் அளவுக்குக் குங்குமத்தை அப்பிவிட்டிருந்தார்கள். அது வியர்வையில் மூக்கு வரை இறங்கியிருந்தது. மாமா செல்போனை நீட்டியதும், சுண்டல் கையைப் பேண்டில் துடைத்துவிட்டு வாங்கினார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இரண்டு விரலால் படத்தை விரித்து, சக்கரத்துக்குப் போனார், பெடலுக்குப் போனார், குழாய் குழாயாக ஏறி இறங்கினார். அப்புறம் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், பூசணிக்காய் உடைக்கப் போன ஆளே திரும்பிப் பார்த்தார்.

அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, மாமா சுற்றி நின்றவர்களுக்குத் தமிழில் சொன்னார். "அசல் இத்தாலி வண்டியாம்! சார் பொறக்கறதுக்கு முன்ன செஞ்சதாம். இத பாரு, பைப்பும் பைப்பும் சேர்ற எடத்துல வெத்தல நுனியாட்டம் கூரா கீதே, அது கையால அரம் போட்டு ராவுனதாம். அந்தப் பட்டறைக்காரங்க மட்டும்தான் அப்படி ராவுவாங்களாம். கீழ் பைப்புல ரெண்டு காது மாதிரி நிக்குதே, அதான் கியரு. பேரு அழிஞ்சு பூட்ச்சு, ஆனா பேரு எதுக்குன்றாரு. பெத்த புள்ளைய அடையாளம் தெரிய சட்டையில பேரு எழுதியா வைப்பாங்க?" இந்தக் கடைசி வரி மாமாவின் சொந்தச் சரக்கு என்பது எனக்கே தெரிந்தது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை. நம் வீட்டுப் படத்துக்கு இவ்வளவு மரியாதை!

இத்தாலிக்காரர் மறுபடி படத்தை விரித்தார். ஏதோ பார்த்துச் சிரித்தார். மாமாவும் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். "சார் இன்னா சொல்றாருன்னா, இந்த வண்டி நல்லா ஒசரமான ஆளுக்கு அளவெடுத்துச் செஞ்சதாம். ஆனா சீட்டை அடிமட்டத்துக்கு எறக்கி வச்சிகிறாங்க. ரேஸ் ஓட்டறவன் அவன் சீட்டுல கை வைக்க யாரையும் வுட மாட்டானாம். பொண்டாட்டி கேட்டாக்கூட மாட்டானாம். இந்தப் பொண்ணு ஓட்டணும்னு எறக்கி வச்சிகிறான்னா, அவன் இந்தப் பொண்ணு மேல..."

மாமா அங்கேயே நின்றுவிட்டார். பாதி வாக்கியத்தில்தான் அவருக்குத் தன் அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. தலையைச் சொறிந்தார். கெடுத்தாரே காரியத்தை!

"எவன் அவன்?" என்றாள் அத்தை. மெதுவாகத்தான் கேட்டாள். லைன் ஓடாத அந்தக் கூடத்தில் அது எல்லோருக்கும் கேட்டது.

ஒன்றும் அறியாத இத்தாலிக்காரரும் அம்மாவைப் பார்த்து, இந்த வண்டி யாருடையது என்று ஆசையாகக் கேட்டார். அந்த அளவு இங்கிலீஷ் அம்மாவுக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கை என் தோளில் இருந்தது. அது என் சட்டையை இறுக்கிப் பிடித்தது, ஏன் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. சொல்லேன் அம்மா, சொன்னால் அந்த வண்டியைப் போய்ப் பார்க்கலாமே என்று நான் அவள் புடவையை இழுத்தேன்.

அப்பா தொன்னையைக் கீழே வைத்தார். வந்து செல்போனை வாங்கி, தூர நீட்டிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வண்டியைப் பார்த்த மாதிரி தெரியவில்லை, அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு செல்போனை மாமாவிடம் கொடுத்தார்.

"என்னுதுதான்" என்றார்.

அத்தைக்குப் புரையேறியது. "உன்னுதா? நீ எப்படா ரேஸ் சைக்கிள் வச்சினு இருந்த?"

"லாரிக்குப் போய்க்கினு இருந்தனே, அப்போ. உனுக்குத் தெரியாது."

"டேய், இவ தாவணியில நிக்கறாடா. கண்ணாலத்துக்கு முன்னாடியேவா?"

"ஆமா. அதுக்கு இன்னான்ற இப்போ?"

அக்காவை எதிர்த்து அப்பா ஒரு வார்த்தை பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. அத்தை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு இரண்டு அடி தள்ளி நின்றாள். இத்தாலிக்காரர் அப்பாவைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தார். அப்பா அவருடைய சட்டைப் பை உயரம்தான் இருந்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார். பிறகு அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார், குலுக்கினார், விடவே இல்லை. வண்டி இப்போது எங்கே என்று கேட்டதற்கு அப்பா என்னைக் காட்டினார். "வித்துட்டேன் சார். இவ பொறந்துட்டா." இத்தாலிக்காரர் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டு, தன் தட்டிலிருந்த லட்டையெல்லாம் எனக்கே கொடுத்துவிட்டார்.

அப்பாவின் பஸ்ஸிலேயே ஊர் திரும்பினோம். அத்தை வழியில் இறங்கிக்கொண்டாள், போய் வருகிறேன் என்று சொல்லக்கூட இல்லை. மாமா கடைசி சீட்டுக்குப் போய்த் தூங்குகிற மாதிரி இருந்தார். அம்மா ஜன்னலோரம்.

விளக்கு வைத்த பிறகு அப்பா கூடத்தில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். அம்மா படத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். நான் வைத்த பொட்டைத் துடைத்துப் பார்த்திருக்கிறாள். அது இன்னும் கொஞ்சம் தீற்றிக்கொண்டதுதான் மிச்சம்.

"நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"பொரியில வெல்லம் கம்மியா கீது" என்றார் அப்பா. "கொஞ்சம் கொண்டா."

அம்மா போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. என்னால்தானே அந்த வண்டியை விற்றார்கள்! அதற்குத்தான் அழுகிறாள்! ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். "அழாதம்மா. நான் பெரியவளாகி வேலைக்குப் போய், அதே வண்டிய வாங்கி அப்பாவுக்குக் குடுத்துடறேன்."

அப்பா பொரியை மென்றுகொண்டே என் தலையைத் தடவினார். "எனக்கு எதுக்கும்மா? உங்கம்மாவுக்கு வாங்கிக் குடு. சீட்டை மட்டும் நல்லா எறக்கி வச்சுக் குடு."

அம்மா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். பெரியவர்களுக்குப் புத்தியே கிடையாது, அழுதால் அழ வேண்டும், சிரித்தால் சிரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வெல்லம் எடுத்துவரப் போனேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும், எங்கள் அப்பா ரேஸ் சைக்கிளில் போய் எங்கள் அம்மாவை லவ் பண்ணினார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். அப்பா அம்மாவை முதன்முதலில் பார்த்தது வல்லக்கோட்டை முருகன் கோயிலில், பெண் பார்த்த அன்றைக்குத்தான். பூத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது மாமா. மூக்கு கொஞ்சம் சப்பை என்று சொன்னது அத்தை. எத்தனையோ தடவை கேட்ட கதைதான், எனக்கும் மனப்பாடம். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத்தான் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அந்தக் கூடத்தில் அப்பா சொன்னதை நம்பியது நான் ஒருத்திதான்.